அமிலத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. வேதியியல் படித்து முடித்திருந்தேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் புதிதாகச் சின்ன லேப் ஒன்று திறந்திருந்தார்கள். இலையிலிருந்து பிரித்தெடுத்த காஃபீனை மேனேஜர் முன்னால் சோதித்துக் காட்டினால் வேலை எனக்கு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போக வேண்டியதுதான்.

காஃபீன் ரொம்பச் சாதுவான காரம். தண்ணீரில் கரைத்தால் அதன் குணம் வெளியே தெரியாது. தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, நிறங்காட்டி சேர்த்து, வேறொரு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஊதா நிறம் நீலமாகி, பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகும். பல்கலைக்கழகத்தில் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

அன்று காலை மேனேஜரும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் பார்த்துக்கொண்டு நிற்க, ரொம்ப ஸ்டைலாகப் போத்தலைச் சாய்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. அசிட்டிக் அமிலம் கல்லாக உறைந்திருந்தது. பதினேழு டிகிரிக்குக் கீழே அது உறையும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். எங்கள் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவளுக்குப் போத்தலைப் பற்றி நினைப்பே வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தேயிலை காய்கிற டிரையர் அறையில் வேலை செய்யும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"சுடுதண்ணியில வச்சா கரைஞ்சிடும்லா. கொண்டாரவா?"

"வேணாங்கா. கொஞ்சம் தண்ணி உள்ள போனாலும் கலர் சரியா மாறாது."

"அப்ப என் ரூமுக்குக் கொண்டா. ஈரத்துணியே அங்க சீக்கிரம் காஞ்சிடும்."

தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போத்தலுக்குச் சுற்றி, டிரையரிலிருந்து தள்ளி ஒரு முக்காலியில் வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் "பாப்பாவுக்கு குளுரு விட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அமிலம் இளகியபோது டீ நேரம். லேப் வாசலில் பாதித் தொழிற்சாலை கூடிவிட்டது. ஊதா நீலமானது. பச்சையானது. இன்னும் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சள். அக்காதான் முதலில் கைதட்டினார்.

"நான் வாட்ச் பாக்குறது தெரிஞ்சும் ஏன் சுடுதண்ணி எடுக்கல?" என்று கேட்டார் மேனேஜர்.

"தப்பா காட்டுறதுக்குப் பதிலா லேட்டா காட்டலாம்னுதான், சார்."

அவர் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு. போத்தலுக்கும் ஒரு ஸ்வெட்டர் கொண்டா."

இன்றும் லேப்பைத் திறந்ததும் முதலில் போத்தலைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்; அது உறைந்திருக்கும் நாட்களில் எனக்குப் பதற்றமே வருவதில்லை, அக்காவின் அறையில் போய் உட்கார ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம்தான் வருகிறது.