மூக்கு போன டீமேக்கர்

தேயிலை பெக்டரியில டீமேக்கருக்குச் சம்பளம் குடுக்கிறது மூக்குக்குத்தான். மிச்ச உடம்பெல்லாம் மூக்கைத் தூக்கிட்டு வர்ற வண்டி. ரோலர்ல அரைபட்ட கொழுந்தைப் பரப்பி வைப்போம். பச்சை போய்ச் செம்பு நிறம் வரும், புல்லு வாசம் போய்ப் பழ வாசம் வரும். அந்த வாசம் வந்த நிமிஷம் அள்ளி டிரையர்ல போடணும். பிந்தினா தேத்தண்ணி சப்புன்னு போயிரும். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துல, ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்து "போடு"ன்னு சொல்ற ரெண்டாவது டீமேக்கர் நான். இருந்தேன்னு சொல்லணும். வேலை முடிஞ்சதும் "ஒரு கால் போத்தல் சாராயம்தானே"ன்னு உக்கார்ற ஆளுங்க இதைப் படிக்கிறவங்கள்லயும் இருப்பீங்க. உங்களுக்குத்தான் எழுதுறேன். மத்தவங்க சிரிச்சிட்டுப் போங்க.

பல்லுவலி

முதல்ல சாயங்காலம் மட்டும்தான். பிறகு காலையில சங்கு ஊதுறதுக்கு முன்ன ஒரு மடக்கு, கை ஓடுறதுக்கு. வாசம் தெரியக் கூடாதுன்னு கராம்பு மென்னேன். ஒன்னு ரெண்டாச்சு, ரெண்டு ஒரு பாக்கெட் ஆச்சு. மூக்கால சோறு திங்கிறவன் வாய் நிறைய கராம்பை அடக்கிட்டுக் கொழுந்தை மோந்தா என்னத்த வெளங்கும்? அது அப்ப இந்த மண்டைக்கு ஏறல.

சல்லடை அறையில வேலை செய்ற புஷ்பம் அக்கா ஒருநாள், "என்னங்கய்யா, எப்பப் பார்த்தாலும் கராம்பு?"ன்னு கேட்டாங்க. பல்லுவலின்னேன். அக்கா சிரிக்கவே இல்ல. "எங்க வீட்டுக்காரருக்கும் இதே பல்லுவலிதாங்கய்யா. பதினோரு வருஷமா இருக்கு, இன்னும் ஒரு பல்லைக்கூடப் புடுங்கல."

போயா

பௌர்ணமிப் போயாவுக்கு நாடு முழுக்கச் சாராயக்கடை பூட்டு. பூட்டுனா பூட்டட்டுமேன்னு இருக்கிறவன் மனுஷன். எனக்கு ஒரு வாரம் முந்தியே உள்ளுக்குள்ள எறும்பு ஊர ஆரம்பிச்சிரும். முதல் நாளே வாங்கி வைக்கணும். வாங்கினதை முதல் நாளே குடிச்சிடக் கூடாது. குடிச்சிட்டா யாருக்கிட்ட கேக்கிறது? இப்படியே கணக்குப் போட்டுப் போட்டு, டிரையர்ல என்ன போகுதுன்னு பார்க்க மாட்டேன்.

மெக்கானிக் பண்டா பௌத்தக்காரன், என் கூட்டாளி. தாய் பேர்ல பிக்குமாருக்குத் தானம் குடுக்கணும், அடுத்த போயா எப்பன்னு யாரையோ கேட்டுட்டு இருந்தான். நான் வாயைப் பொத்திட்டு இருந்திருக்கலாம். அடுத்தது, அதுக்கடுத்தது, அதுக்கும் அடுத்ததுன்னு மூணு தேதியை மூச்சு விடாமச் சொன்னேன். பண்டா ஸ்பேனரைக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்தான். "எங்க பன்சலைப் பெரிய பிக்குவுக்கே காலண்டர் பார்த்தாத்தான் தெரியும், மச்சான்."

கரண்டி

காலையில வரிசையா கோப்பை வச்சு, கரண்டியால உறிஞ்சித் துப்பி ருசி பார்ப்போம். பகல் முழுக்கத் துப்புறவன் சாயங்காலம் ஒரு சொட்டுத் துப்பினதில்லன்னு நானே பகிடி விட்டுட்டுத் திரிஞ்சவன். ஒரு கட்டத்துல அந்தக் கரண்டி கோப்பையில இருந்து வாய்க்கு வர்றதுக்குள்ள பாதி சட்டையில. குளிருன்னேன். நித்திரை இல்லன்னேன். கடைசியா ஒரு வித்தை கண்டுபிடிச்சேன்: கரண்டி வர வேணாம், தலை கோப்பைக்கிட்ட போகட்டும். பெரிய டீமேக்கர், செல்வம் சேர், என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னது தெரியல. "என்னப்பா, கோப்பைய விழுந்து கும்பிடுறியா?"

நெனச்சா நிறுத்திருவேன்

இந்த வசனத்தைச் சொல்லாத குடிகாரன் உண்டா? நானும் சொன்னேன், நிறுத்தியும் பார்த்தேன், யாருக்கிட்டயும் கேக்காம. மூணாம் நாள் சட்டை பிழியுற மாதிரி வேர்வை. உக்கார முடியல, நிக்க முடியல. கதவைத் திறக்கிறேன், சாத்துறேன், மறுபடி திறக்கிறேன். கடைசியில பைப்புக்கு வாசர் வாங்கணும்னு கமலாக்கிட்ட சொல்லிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். கமலா என் சம்சாரம். திரும்பி வர்றப்ப பையில ரெண்டு போத்தல் இருந்திச்சு, வாசர் இல்ல.

ஒரு கிளாஸ் உள்ள போனதும் காலு நடையை நிறுத்திருச்சு. கமலா ஏசுவான்னு பார்த்தேன். ஏசல. ஒழுகிற பைப்புக்கு அடியில வாளியை வச்சிட்டு வந்தா. "மூணு நாளா வீட்டுக்குள்ளயே பசறை டவுன் வரைக்கும் நடந்துட்டு வந்துட்டீங்க. இப்பவாச்சும் உக்காருங்க."

ரிப்போட்

பிறகு கொழும்புல இருந்து, எங்க தேயிலையை ஏலத்துல விக்கிற புரோக்கரோட ரிப்போட் வந்திச்சு. எங்க தேயிலையில வேற வாசம் கலந்திருக்கு, ஏலத்துக்குப் போடல. பெக்டரிக்கு இதை விட மானக்கேடு கிடையாது. தேயிலை பஞ்சு மாதிரி, பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கும். நான் விட்டேனா? ஆடினேன் ஒரு ஆட்டம்! பெயின்ட் திறந்தது யாரு, டீசல் கொட்டினது யாருன்னு ஒவ்வொருத்தரா ஏசினேன். பண்டாவைக்கூட விடல.

செல்வம் சேர் எங்ககிட்ட இருந்த சாம்பிள் டின்னை நீட்டினாரு. பண்டா மோந்தான்: "கராம்பு." புஷ்பம் அக்கா மோந்துட்டு என்னைப் பார்க்காம டின்னை நீட்டினாங்க. நான் மோந்தேன். இன்னொரு தடவை மோந்தேன். மூக்கை உள்ளயே விட்டேன். கராம்பும் இல்ல, தேயிலையும் இல்ல. வெறும் தகரத்தை மோக்கிற மாதிரி இருந்திச்சு.

ஐயோ, எத்தனை நாளா இப்படி? எத்தனை நாளா வாசமே தெரியாம "போடு, போடு"ன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்? கொழும்புக்குப் போற சாம்பிள் எல்லாம் வைக்கிற அலமாரியோட சாவி என்கிட்டதான். நானே திறந்து, யாரும் பார்க்காத இடம்னு மூலையில ஒளிச்சு வச்சிருந்த கராம்புப் பாக்கெட்டை எடுத்து மேசையில போட்டேன். விஷயம் தோட்டத்துத் துரைக்கிட்ட போயிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. செல்வம் சேர் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில போட்டுக்கிட்டாரு. "பதுளையில போய் டாக்டரைப் பாரு. லீவு நான் போட்டுக்கிறேன். மூக்கோட வா."

டாக்டர்

டாக்டர் பொம்பளைப்பிள்ளை, வயசு முப்பது இருக்கும். எவ்வளவு குடிப்பீங்க, எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன். தனியா நிறுத்திப் பார்த்ததையும் சொன்னேன். தினம் குடிக்கிற உடம்பு, சட்டுன்னு நிறுத்தினா வலிப்பு வந்து உயிரே போகலாம், இனிமே எங்களைக் கேட்டுத்தான் நிறுத்தணும்னு கண்டிச்சாங்க. மூக்கு திரும்புமான்னு கேட்டேன். திரும்பலாம், வாக்குத் தர முடியாதுன்னாங்க.

பிறகு, "குடிக்காத நேரத்துல என்ன செய்வீங்க?"ன்னு கேட்டாங்க. என்கூட வந்த கமலா, பையை மடியில இறுக்கிப் புடிச்சிட்டு, எனக்கு முந்திப் பதில் சொன்னா. "குடிக்காத நேரமெல்லாம் குடிக்கிறதையே நெனச்சிட்டு எங்கயோ இருப்பாருங்க, டாக்டர். குடிக்கிறப்பதான் கொஞ்ச நேரமாச்சும் எங்களோட வீட்டுல இருப்பாரு."

இப்ப பெக்டரியில சாக்குக்கு லேபல் ஒட்டுறேன், கிளினிக்குக்குத் தவறாமப் போறேன், மூக்கு இன்னும் முழுசா வரல. ஆனா ஒன்னு சொல்றேன், நான் குடிகாரனான்னு கராம்பு மென்ன அந்த எட்டு மாசமும் என்னையே கேட்டுக்கிட்டு இருந்ததுக்குப் பதிலா வேற யாரையாச்சும் ஒரு தடவை கேட்டிருந்தா, அரை நிமிஷத்துல விஷயம் முடிஞ்சிருக்கும்.