பாத்துக்கலாம் நல்லம்மா

சமையற்கட்டுக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறார் நல்லம்மாள். தண்ணீர் ஏறி வரும்போது குழாய்க்குள் எங்கே தடுமாறுகிறது என்று கேட்கிறார். பிறகு வெறுங்காலோடு கூடம் முழுக்க நடந்து, குதிகாலால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போகிறார். ஓர் இடத்தில் நிற்கிறார். "இந்தா, இங்க பொக்குனு கேக்குது பாருங்க. அடியில மண்ணு எறங்கிருச்சு." விற்கிறவருக்கு முகம் கறுக்கிறது. வாங்க வந்தவர் கதவைப் பார்க்கிறார். நல்லம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, கையை ஒரு வீசு வீசுகிறார்: "அதெல்லாம் பாத்துக்கலாம்லா!"

தஞ்சோங் மாலிமில் வீடு வாங்கி விற்றவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டுவார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயரே 'பாத்துக்கலாம் நல்லம்மா'தான். அவருக்கு அதில் கோபம் கிடையாது. "பட்டம் வாங்க நீங்கள்லாம் காலேஜுக்குப் போறீங்க. எனக்கு வீடு தேடி வந்து குடுத்துட்டாங்க" என்பார்.

நூறு வருஷம் தாண்டிய கல்லூரி இருக்கிற ஊர். வாத்தியார்களை உண்டாக்கி நாடு முழுக்க அனுப்பிய ஊர். கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்த பிறகு, ரப்பர் மரம் நின்ற இடத்திலெல்லாம் தாமான் என்கிற குடியிருப்பு முளைத்தது. பிள்ளைகளுக்கு அறை வேண்டும், விரிவுரையாளர்களுக்கு வீடு வேண்டும், பணம் உள்ளவர்களுக்கு வாடகை வேண்டும். இந்த மூன்று பேரையும் முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டாமா? அந்த இடத்துக்குப் படித்தவர்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது, எழுதவே தெரியாத நல்லம்மாள் போய் உட்கார்ந்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நாலு எழுத்து படிக்காமல் இந்த நாட்டில் தலையெடுத்த நாம் எல்லாருமே அப்படித்தான் உட்கார்ந்தோம். யாரும் நாற்காலி இழுத்துப் போடவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியதும் கல்லூரி வாசலில் நாசி லெமாக் பொட்டலம் விற்றார். "மாக்சிக், பக்கத்துல ரூம் இருக்கா?" என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க, சாப்பாட்டோடு அறையையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். அறை வீடாயிற்று. இன்றைக்குச் சட்டப்படி தாளில் கையெழுத்துப் போடுகிறவர் ஈப்போவில் இருக்கும் ஏஜென்சிக்காரர். கையெழுத்து அவருடையது, வாய் நல்லம்மாளுடையது.

'விற்பது' என்ற சொல் அந்த வாயில் வராது. 'வீட்டுக்கு ஆள் குடுக்குறது' என்றுதான் சொல்லுவார். கைப்பையில் எப்போதும் ஒரு பல்பு கிடக்கும். காலி வீட்டில் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. "இருட்டுல காட்டுனா அரண்மனையும் கொட்டாயிதான்" என்று சொல்லி, தானே ஸ்டூலில் ஏறி மாட்டுவார். காட்டி முடித்ததும் மறக்காமல் கழற்றிக்கொள்வார். பழைய கன்சில் காரில் ஏர்கோன் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, போகிற வழியெல்லாம் வீடுகளுக்குச் சாதகம் சொல்லிக்கொண்டு போவார். "அது ஸ்டூடென்ட் வீடு. பத்துப் பேரு இருந்துட்டுப் போனானுங்க. பத்துப் பூன இருந்திருந்தா இன்னும் சுத்தமா வச்சிருக்கும்." "அது தெருக்குத்து. சீனனும் வாங்க மாட்டான், நம்மாளும் வாங்க மாட்டான். நான் குடுத்தேன்லா! வாசல் கேட்ட ரெண்டடி தள்ளி வைக்கச் சொன்னேன், முடிஞ்சுது கத."

ஒன்றுக்கு மட்டும் பயப்படுவார். முனியாண்டிக்கு. எந்த வீட்டு வாசலில் சூலம் நட்டிருந்தாலும், செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிடுவார். வெயிலில் தார் கொதித்தாலும் சரி.

அந்தப் பயத்தோடு அவர் காலை வைத்த வீடுதான் அர்ச்சுனன் வீடு.

அர்ச்சுனன் தோட்டத்து முன்னாள் கங்காணி மகன். தோட்டத்து லயங்களை இடித்தபோது, எல்லாரும் தகரத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வர, அவர் மட்டும் எல்லையில் நின்ற முனியாண்டிக் கல்லையும் சூலத்தையும் தோளில் சுமந்து வந்தார். வீட்டு முன்புறத்தில் மேடை கட்டி வைத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கும் சுருட்டும் வைத்தார். இப்போது அவர் மனைவி மாரியம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அர்ச்சுனனுக்குக் கண் மங்கிக் கார் ஓட்ட முடிவதில்லை. கிராப் வாடகைக் கார் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இரண்டு தடவை வராமலே போய், மாரியம்மா மூச்சு முட்டி விழுந்தார். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் மகன் இருக்கிறான். அவன் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

வீடு நல்ல வீடு. வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று சூலத்தைப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பினார்கள். ஒரு சீன முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டே போனார். மகன் வீட்டுக்குச் சாமியைக் கொண்டுபோகலாமே என்றால், அதற்கு முனி சம்மதிக்க வேண்டும். பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் வாழை இலையில். வெள்ளை வந்தால் 'வருகிறேன்', சிவப்பு வந்தால் 'இங்கேதான் இருப்பேன்'. அர்ச்சுனன் எடுத்தார், சிவப்பு வந்தது. முறைப்படி மற்றதையும் பிரித்து, வெள்ளை உள்ளே இருப்பதைக் காட்டினார். கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் சிவப்பு. அதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் நல்லம்மாள் எரிக்கை அழைத்து வந்தார். பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து ஆயர் தாவாரிலிருந்து குடிவரப் போகிறவர், கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை, மரியாதையான பையன். வீடு பிடித்துவிட்டது. "ஆண்டி, அந்தச் சாமி மேடைய மட்டும்..." என்று இழுத்தார். நல்லம்மாள் கையை வீசி, "பாத்துக்கலாம்லா" என்றார். அன்று சாயங்காலமே அர்ச்சுனன் கேட்டார்: "வர்றவங்க நம்ம முனிய என்னா செய்வாங்க?" அவருக்கும் அதே பதில்தான்: "பாத்துக்கலாம்ணே."

ஒரே வார்த்தை. சாமியை எடுத்துவிடுவார்கள் என்று எரிக் எடுத்துக்கொண்டார். சாமியைப் பேணிக்கொள்வார்கள் என்று அர்ச்சுனன் எடுத்துக்கொண்டார். நல்லம்மாள் அதில் எதை நினைத்துச் சொன்னார் என்று கேட்டால், அன்றைக்கு அவருக்கே தெரியாது. நாள் போனால் வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் எத்தனையோ வீட்டுக்கு ஆள் கொடுத்த வாய் அது.

மத்தியானம் வக்கீல் ஆபீசில் கையெழுத்து. காலையில் கடைசியாக ஒரு தடவை வீட்டைப் பார்க்க எரிக் தன் அம்மா ரோசம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேடை இருந்த இடத்திலேயே இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்தி, மாலையும் போட்டிருந்தது.

"ஆண்டி, எடுத்துருவாங்கன்னு சொன்னீங்க?"

அர்ச்சுனன் படியிலிருந்து எழுந்தார். "யாரு எடுக்குறது? நீங்க வெளக்கு வச்சுப் பாத்துக்குவீங்கன்னுதான நல்லம்மா சொல்லுச்சு? அதுக்காகத்தான் ஒங்களுக்குன்னு ஒத்துக்கிட்டேன்."

"அங்கிள், நான் எப்படி வெளக்கு வைக்க முடியும்? எங்க முறை வேற. வைக்காம விட்டா அது ஒங்க சாமிக்கும் மரியாத இல்ல. மேடை இங்க இருந்தா நான் சைன் வைக்க முடியாது, சாரி."

"முடியாட்டி விடுங்க! சாமிய வித்துட்டுப் போற ஆளு இல்ல நான்."

நல்லம்மாள் ரோட்டில் வெறுங்காலோடு நின்றார். கையை வீசவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஜெலாப்பாங் வீட்டுக்காரர் சாயங்காலம் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். அங்கே வேறு ஆள் கையில் பணத்தோடு நின்றார். இது அர்ச்சுனனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மேடைக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

கதவு நிலையைப் பிடித்தபடி மாரியம்மா வந்தார். ஊசி குத்திக் குத்தி முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. நல்லம்மாளைக் கிட்டே கூப்பிட்டார்.

"நல்லம்மா, நாளைக்கி எனக்கு ஆஸ்பத்திரி. காடி வருமான்னு இப்பவே நெஞ்சு அடிக்குது. நீ முனிகிட்ட கேளேன், நான் கண்ண மூடினப்புறம் இங்கயே திரும்பி வந்து நிக்கட்டும். அது வரைக்கும் என்கூட வரச் சொல்லு."

நல்லம்மாள் அந்தக் கையை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

"அண்ணே, இன்னொரு வாட்டி பூக் கேப்போம்."

"ரெண்டு வாட்டி சொல்லிட்டாரு. மூணாவது கேட்டா அடிப்பாரு."

"ரெண்டு வாட்டியும் யாரு எடுத்தது? நீங்க. போகணும்னு ஒங்களுக்கே மனசு இல்ல, அவரு எப்படி வருவாரு? இந்த வாட்டி வர்றவங்க எடுக்கட்டும். எடத்த விட்டுக் குடுக்குறீங்களான்னு அவங்கதான கேக்கணும்? அதுலயும் செவப்பு வந்துச்சுன்னா, நானே இந்தத் தம்பிய கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிடுறேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

எரிக் தலையை ஆட்டினார். "ஆண்டி, நான் இதெல்லாம் செய்ய மாட்டேன்."

"நீ செய்யாத. நான் எடுக்குறேன்" என்றார் ரோசம்மா.

"அம்மா! ஃபாதருக்குத் தெரிஞ்சா?"

"ஃபாதரா வந்து இந்த வீட்டுல குடியிருக்கப் போறாரு? நானும் தோட்டத்துல பொறந்தவதான்டா. அடுத்த வீட்டுச் சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டா ஏசு கோவிச்சுக்க மாட்டாரு. சும்மா நில்லு."

அர்ச்சுனன் வாழை இலையைக் கிழிக்கக் குனிந்தார். நல்லம்மாள் இலையை வாங்கிக்கொண்டார். "நீங்க கட்ட வேணாம்ணே. ஒங்க மனசு அதுல ஒட்டிக்கும். நான் கட்டுறேன்." வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே வேலியோரம் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பூத்துக் கிடந்தன. திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது தட்டில் இரண்டு பொட்டலம், ஒரே அளவு, ஒரே முடிச்சு. நெற்றியெல்லாம் வேர்வை. தட்டை மேடையில் வைத்தபோது சூடத்தட்டில் கை பட்டு, அது கணகணவென்று ஆடியது.

சூடம் கொளுத்தினார்கள். ரோசம்மா சிலுவை போடக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டார். பிறகு கண்ணை மூடி, வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அர்ச்சுனனிடம் நீட்டினார். அவர் விரல் நார் முடிச்சை அவிழ்க்க முடியாமல் வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்தார்.

வெள்ளை.

மாரியம்மா கதவு நிலையோடு சரிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அர்ச்சுனன் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றினார். "வாரேன்னுட்டாரு... ஒனக்காகத்தான் வாரேன்னுட்டாரு, மாரி." எரிக் மாரியம்மாவைத் தூக்கிவிட ஓடினார். கொஞ்சம் நிதானம் வந்ததும் அர்ச்சுனன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முறையை முடிக்க, தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தின் பக்கம் கையை நீட்டினார்.

நல்லம்மாள் அதை முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்.

"அவரு சொன்னப்புறம் எதுத்துக் கேக்கக் கூடாதுண்ணே. போங்க, போயி சட்டைய மாத்துங்க, லோயர் காத்துக்கிட்டு இருப்பாரு. அக்காவ உள்ள கூட்டிட்டுப் போங்க. போங்கலா!"

எல்லாரும் உள்ளே போனார்கள். ரோசம்மா மட்டும் வாசற்படியில் ஒரு கணம் நின்று, நல்லம்மாளின் மூடிய கையைப் பார்த்துவிட்டுப் போனார்.

சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நல்லம்மாள் சூலத்துக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டார். இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட வேண்டிய கன்னத்தில், வலக்கையால் மட்டும் பளார் பளார் என்று போட்டுக்கொண்டார். இடக்கை பொட்டலத்தை விடவில்லை.