சோக்கை இழுத்தது யார்?

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், கிள்ளான் நகரில், பண்டமாரான் பக்கத்து வரிசை வீடு ஒன்றில் நடந்தது. அந்த வீட்டுக்காரி மஹ்ஜபீன். பாசார் மாலாமில் துணி விற்கிறவள். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து இடத்தில் இரவுச் சந்தை போடுவாள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விடுவாள். அவளுக்குப் பேய் மேல் பயம் கிடையாது. மனிதர்கள் மேல்தான் சந்தேகம். துணி அளக்கும்போதுகூட ஒரு கண் வாங்குகிறவர் கையில் இருக்கும்.

ஜூலைக் கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில் கிஷன் என்பவரிடம் ஒரு வேன் வாங்கினாள். முப்பது வருடப் பழசு. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் மாதிரி. "அப்பா ஓட்டினதுக்கா. புள்ள மாதிரி பாத்துக்கிட்டாரு" என்றார் கிஷன். துரு இல்லை. டயரும் புதுசு. அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

மூன்றாம் நாளே தகராறு. சிக்னலில் நின்றால் இன்ஜின் குபுக் குபுக்கென்று திணறியது. பின்னால் கரும்புகை. வண்டிக்குள் பெட்ரோல் நெடி. அந்த நெடி மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் துணிகளில் ஏறியது. மேரு சந்தையில் ஒரு மலாய்க்காரம்மா துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இருவரும் போய்விட்டார்கள். 

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லோகனின் வொர்க்ஷாப்புக்குப் போனாள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவனிடம்தான் போவார்கள். அவன் சீட்டைத் தூக்கினான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே காட்டினான். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"பெட்ரோல் எண்ணெ ஜாஸ்தி போவுதுக்கா. இந்த கார்புரேட்டர்லதான் எண்ணெயும் காத்தும் கலக்கும். உங்க வண்டிக்குக் காத்து பத்தல. மூச்சு முட்டுது."

பிறகு ஸ்டியரிங் பக்கத்தில் பார்த்தான். ஒரு கறுப்புக் குமிழ் இரண்டு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினான்.

"இது சோக். இழுத்தா காத்து போற வழிய ஒரு தகடு மூடிரும். விடிய காலையில இன்ஜின் சில்லுனு கெடக்கும்போது இழுப்பாங்க. நம்ம ஊர் சூட்டுக்கு அடிக்கடி தேவையில்ல. ஏன் இழுத்தீங்க?"

"நான் அதத் தொடவே இல்ல."

 இன்ஜினைச் சூடேற விட்டான். கார்புரேட்டரின் அடியில் இருந்த சின்ன ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகினான். இன்ஜின் தடுமாறியது. கொஞ்சம் வெளியே திருகினான். சத்தம் ஏறியது. இன்னும் கால் சுற்று... சீரானது. தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டான். "யாராச்சும் கை வச்சா கோடு வெலகிடும்."

அவன் வேலை முடிக்கும்வரை மஹ்ஜபீன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

மறுநாள் செவ்வாய். காலை 6.40. வேனைக் கிளப்பினாள். குபுக்... குபுக்... புகை.

சோக் குமிழ் வெளியே இருந்தது. அதே இரண்டு விரல் நீளம்.

லோகனுக்குப் போன் அடித்தாள். சீட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். பெயின்ட் கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் சீட்டைத் தூக்கிய கையில் சூடு தட்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி. அவள் கிளப்பியே ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. இன்ஜின் அப்படிச் சூடாக இருக்க வழியில்லை.

யாரோ அவளுக்கு முன்னால் கிளப்பியிருக்கிறார்கள்.

வீட்டில் அவளைத் தவிர இருந்தது ஒரே ஓர் ஆள். தம்பி ஷபீர். முப்பத்தெட்டு வயது. லோரி ஓட்டிய வேலை போய், நான்கு மாதமாக அக்காள் வீட்டில் இருந்தான்; அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். முன்பு ஒருமுறை அவளுடைய காரைச் சொல்லாமல் எடுத்துப் போனவன்.  அன்று ராத்திரி சோக் குமிழை உள்ளே தள்ளி, மேலே குறுக்காக டேப் ஒட்டினாள். கேட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டாள். இரண்டு சாவியும் தலையணைக்கு அடியில். வேன் ஓடியிருந்த தூரத்தை மீட்டர் பார்த்துக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

புதன் காலை. மீட்டர் ஓர் எண்கூட ஏறவில்லை. கேட் பூட்டியபடி இருந்தது. சோக் வெளியே இருந்தது. டேப்பைக் கிழிக்கவில்லை. சுருக்கம் விழாமல் உரித்து, டேஷ்போர்டில் நேராக ஒட்டி வைத்திருந்தது... பொறுமைசாலி ஒருவர் செய்த மாதிரி.

ஷபீர் பசியாறிக்கொண்டிருந்தான்.

"ராத்திரில வேன்கிட்ட போறியா?"

"எதுக்கு?"

"நடிக்காத ஷபீர்."

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "சாவி உன்கிட்ட. பூட்டு சாவியும் உன்கிட்ட. அப்பவும் நான்தானா லாத்தா?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

 கை கழுவினான். ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த சிநேகிதன் அறைக்குப் போய்விட்டான். போகிறவனைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. போனது நல்லதுதான், இனி தெரிந்துவிடும் என்றுகூட நினைத்தாள்.

வியாழன் காலை சோக் வெளியே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலை சுபுஹுத் தொழுகைக்காக 5.30க்கே எழுந்தாள். கை கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் 5.37.

வாசலில் ஸ்டார்ட்டர் சுழன்றது.

க்கிர்ர்ர்... க்கிர்ர்ர்... பிறகு குபுக் குபுக் குபுக்.

துவாலையோடு ஓடினாள். தலையணைக்கு அடியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, கதவைத் திறப்பதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. வாசல் முழுக்கப் புகை. கேட் பூட்டியிருந்தது. வேன் கதவும் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் போன் வெளிச்சத்தை அடித்தாள். உள்ளே யாரும் இல்லை.

ஆனால் ஓட்டுநர் சீட் அமுங்கியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... மெதுவாக... அது மேலே எழும்பியது. ஆள் எழுந்து போனபின் எழும்புகிற மாதிரி.

சனிக்கிழமை மதியம் லோகனை வீட்டுக்கே வரவழைத்தாள். சீட் விஷயத்தைச் சொல்லவில்லை. "அந்தக் கார்புரேட்டரக் கழட்டிடு" என்றாள். சோக் தகட்டையும் இடையில் வைக்கும் கேஸ்கட்டையும் மாற்றிவிடலாம், சாமான் திங்கட்கிழமைதான் வரும் என்றான் அவன். சோக் கேபிளைப் பிரித்தான். பெட்ரோல் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கட்டினான். கார்புரேட்டரைக் கவிழ்த்து, உள்ளே இருந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டுவரை வடித்தான். துணியால் துடைத்தான்.

"நான் எடுத்துட்டுப் போயி கழுவி வைக்கிறேன்கா."

"வேணா. இங்கயே இருக்கட்டும்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "என் மேலயே சந்தேகமா?"

"யார் மேலயும் இல்ல லோகன். இங்கயே இருக்கட்டும்."

அவன் போனதும் அதை ஒரு பழைய தாளில் வைத்து, சமையலறை மேசையில் வைத்தாள். இன்ஜின் மூச்சு விடுகிற பாகமே இங்கே இருக்கிறது. இனி எந்தக் கொம்பனாலும் அந்த வண்டியைக் கிளப்ப முடியாது. பல நாள் கழித்து அன்றுதான் அசந்து தூங்கினாள்.

ஞாயிறு. 5.31க்கு விழிப்பு வந்தது. சமையலறையில் விளக்கைப் போட்டாள். கார்புரேட்டர் வைத்த இடத்தில் இருந்தது. உலர்ந்திருந்தது. வாய்ப்பக்கம் சோக் தகடு திறந்திருந்தது. பித்தளைத் தகடு, ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

தண்ணீர் கொதிக்க வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தகட்டையே பார்த்தாள்.

5.35.

5.36.

வெளியே...

க்கிர்ர்ர்...

அவள் அசையவில்லை. முடியாது. கார்புரேட்டர் இல்லாமல் ஓட முடியாது.

க்கிர்ர்ர்... க்கிர்ர்ர்...

குபுக். குபுக். குபுக். குபுக்.

ஓடியது.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பெட்ரோல் நெடி வந்தது. இல்லை... ஜன்னல் வழியாக இல்லை.

மேசையிலிருந்து வந்தது.

தாளில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. வடித்துத் துடைத்த கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கசிந்தது.

அடுப்பை அணைத்தாள்.  தொட்டுப் பார்த்தாள்.

ஐஸ்.

5.40.

கார்புரேட்டர் லேசாக ஆடியது. யாரோ இருட்டில் தடவிப் பார்க்கிற மாதிரி. இந்தப் பக்கம் ஒரு நகர்வு... அந்தப் பக்கம் ஒரு நகர்வு...

நின்றது.

தகடு அசைந்தது.

மெதுவாக...

மெதுவாக...

டிக்.

மூடிக்கொண்டது.

"யாரு...?" என்றாள் மஹ்ஜபீன்.

இன்ஜின் நின்றது.

மணி 5.42.

அதற்குப் பிறகு ஒரு சத்தம்கூட இல்லை. எதிர்வீட்டில் விளக்கு எரியும்வரை அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு ஷபீருக்குப் போன் செய்தாள். "தப்பா பேசிட்டேன்டா. மன்னிச்சிரு. வந்துரு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. ரயில் பிடித்து எட்டு மணிக்குள் வந்து சேர்ந்தான். வேனின் பின்னால் தரையில் புதுக் கரி படிந்திருந்ததை அவனும் பார்த்தான். சீட்டுக்கு அடியில் கார்புரேட்டர் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்ததையும் பார்த்தான்.

"கிஷன் எதையோ மறைச்சிட்டாரு. வேன திருப்பிக் குடுத்துரலாம்" என்றாள்.

பதினோரு மணிக்குக் கிஷனின் பெட்டாலிங் ஜெயா வீட்டில் நின்றார்கள். கிஷன் விடியுமுன்பே வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சீதாலெட்சுமி கதவைத் திறந்தாள். மஹ்ஜபீன் உட்காரக்கூட இல்லை.

"உங்க மாமனாரு அந்த வேன்லதான் இறந்தாரா? மறைக்காம சொல்லுங்க."

சீதாலெட்சுமி திகைத்துப் போனாள். "யாருக்கா சொன்னா? அவரு உயிரோடதான் இருக்காரு. உள்ள படுத்திருக்காரு."

அறைக்குள் கூட்டிப் போனாள். கட்டிலில் ஒரு முதியவர். பெயர் அய்யாவு. இருபத்தாறு வருடம் ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து தொழிற்சாலைப் பெண்களை அந்த வேனில் ஏற்றிப் போனவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. பேச்சில்லை. வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. ஊசி குத்தினாலும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அறையில் மருந்து வாசம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது.

ஷபீர்தான் முதலில் கேட்டான். "பெட்ரோலா?"

சீதாலெட்சுமியின் முகம் மாறியது. "உங்களுக்கும் வருதாண்ணே? அவரு கையிலதான். அந்தச் செத்த கையிலதான். வேன வித்த மறுநாள்லேர்ந்து இப்படி. தெனம் சவுக்காரம் போட்டுக் கழுவுறேன்... காலையில பாத்தா மறுபடியும் வருது." குரலைத் தாழ்த்தினாள். "வேன கொண்டாந்து விட்டுருங்கக்கா. எங்க வீட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன்."

மஹ்ஜபீன் தலையாட்டினாள். அங்கே நிற்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசல்வரை வந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்கா." சீதாலெட்சுமி போனை எடுத்து வந்தாள். "அந்தக் கை தெனம் விடிய காலையில ஆடுது. டாக்டர் நம்ப மாட்டேங்கிறாரு. அதான் இன்னிக்கு வீடியோ எடுத்தேன். ஆனா கடைசில யாரோ பேசுற மாதிரி ஒரு சத்தம். அப்ப வீட்ல நானும் மாமாவும் மட்டும்தான்."

வீடியோ ஓடியது. எடுக்க ஆரம்பித்த நேரம் 5.37 என்று இருந்தது. போர்வைக்கு வெளியே வந்த வலது கை காற்றில் எதையோ பிடித்தது. இழுத்தது. ஒன்றும் ஆகவில்லை. திரும்ப இழுத்தது. பிறகு அந்தக் கை தேட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் தடவியது. அந்தப் பக்கம் தடவியது. அப்படியே மூன்று நிமிடம் தேடியது.

நின்றது.

கட்டைவிரல் மெதுவாகக் கீழே அழுந்தியது. சின்னதாக எதையோ மூடுகிற மாதிரி.

டிக்.

அந்தச் சத்தத்துக்கு அடுத்த நொடி, போனுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே கேட்டது.

"யாரு...?"

ஷபீர் அக்காளைத் திரும்பிப் பார்த்தான்.

அது மஹ்ஜபீனின் குரல்.