ஓடைக்கரைக் கீரை

அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. 'சமூகக் காடு. ஊர் மக்களுடன் சேர்ந்து பராமரிக்கப்படுகிறது' என்று மலாய் மொழியில் எழுதியிருக்கும். எந்த ஊர் மக்களாம்?

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தின் கடைசி மலைச்சரிவு அது. தோட்டத்தை மூடிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டவர்கள், செங்குத்தாக இருக்கிறதென்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே காடு மண்டிவிட்டது. உள்ளே ஓர் ஓடை. கரை நெடுக, சுருள் சுருளாகத் தளிர்விடும் பெரணிக் கீரை.

என் அக்கா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள்; விடியற்காலையில் ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. தோட்டத்து லைன் வீடுகளை இடித்த பிறகு நான் ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதிக்கு வந்துவிட்டேன். அவள் சாலையோர மலிவு வீட்டிலேயே தங்கினாள். அத்தான் இறந்த பிறகு அந்தக் கீரையைப் பறித்து, கட்டுக் கட்டிச் சந்தையில் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஒரு புதரில் எல்லாத் தளிரையும் கிள்ளக்கூடாது, ஓடையில் விழுந்த கிளையை இழுத்துப் போடாமல் வரக்கூடாது. இதெல்லாம் அங்கே போகிற பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த சட்டம். மீறினால் குடுமிப்பிடிச் சண்டைதான்.

பிறகு காட்டுக்கு ஒரு குழு போட்டு, அந்தப் பலகையையும் நட்டார்கள். பலகாரமும் தேத்தண்ணியும் வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். காட்டுக்குள் கால் வைக்கிற ஒருத்திக்கும் சொல்லி அனுப்பவில்லை. உள்ளேயிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் போட்ட முதல் விதி. அடுத்த வாரமே அக்காவின் கூடையைக் காவலாளி பிடுங்கிக்கொண்டான். அவனும் எங்கள் தோட்டத்துப் பையன்தான்.

"இது திருட்டு லா, அக்கா. நான் என்னா செய்ய, மேல சொல்லிட்டாங்க."

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேங்காய்க்காரியையே திருடி என்று சொன்னவர்கள் இவர்கள்தான்.

அதோடு விட்டார்களா? கொஞ்ச நாளில் குழுவின் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் ஈப்போவிலிருந்து வந்திருந்தேன்.

"அக்கா, திறப்பு விழாவுக்குப் பெரியவங்கல்லாம் வராங்க. நீங்க தலையில துணி கட்டிக்கிட்டு ஒரு மரம் வெட்டிக் காட்டுனா போதும் லா. நம்ம பாரம்பரியம்தானே."

"எத்தன மணிக்கு?"

"பதினோரு மணிக்கு."

"உச்சி வெயில்ல எந்த மரம்யா பால் விடும்?"

"பால் வராட்டி பரவால்ல. போட்டோவுக்குத்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கீரை பறிச்சா திருடி, போட்டோவுக்கு நின்னா பாரம்பரியமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

"நீ சும்மா இரு," என்றாள் அக்கா. செயலாளரிடம், "நான் வாரேன்," என்றாள்.

அவர் போன பிறகு அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கூடை இரவல் வாங்கி வந்தாள்.

விழா நாளில் கூடாரம், மாலை, ஒலிபெருக்கி. அக்கா மரத்தைச் சீவினாள். இரண்டு சொட்டுப் பால் கசிந்து அங்கேயே காய்ந்தது. அதற்கே கைதட்டினார்கள். அவள் கத்தியை வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். அதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கேமராக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். காவலாளி செயலாளரைப் பார்த்தான். செயலாளர் விருந்தாளிகளைப் பார்த்தார். அவள் எப்போதும்போல் ஒவ்வொரு புதரிலும் சில தளிர்களை விட்டுவிட்டுப் பறித்தாள்.

பூ அச்சடித்த பாத்தேக் துணி உடுத்திய ஒரு விருந்தாளி அம்மா சிரித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டு என்ன விலை என்று மலாயில் கேட்டார்.

அக்காவும் மலாயில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "விக்க முடியாதும்மா. இங்க பறிச்சா திருட்டாம். அந்தா நிக்கிறாரே செயலாளர், அவரோட குழுதான் சட்டம் போட்டுச்சு."

கேமராக்கள் செயலாளர் பக்கம் திரும்பின. அக்கா நேரே காவலாளியிடம் போய், நிறைந்த கூடையை அவன் காலடியில் வைத்தாள்.

"எடுத்துக்க தம்பி. அன்னைக்கு யாருமில்லாதப்ப எடுத்த இல்ல? இப்ப இத்தன பேரு பாக்குறாங்க. எடு."

அவன் குனியவில்லை.