பெரிய விமானத்தின் முதுகுப்பக்கம்

போன வாரம் மரக்காணம் தாண்டிக் காரை நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சாலையோர உப்பளத்தில் திடீரென்று காற்று கிளம்பியது. உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாய் ஒரு மூலையில் எழும்பியதுமே நாலு பேர் ஓடிப்போய் அதன்மேல் குப்புற விழுந்தார்கள். இங்கே அதுதான் வழக்கம். கயிறு, கல்லெல்லாம் அப்புறம்; முதலில் உடம்பு. மழை இறங்கிவிட்டால் உப்பு கரைந்துவிடுமே. நான் பாதி இளநீரை வைத்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பார்க்க முடியவில்லை.

உங்களுக்குச் சவரியைத் தெரியாது. பக்கத்து ஊர், அனுமந்தைக்காரன். பள்ளிக்கூட லீவில் நானும் அவனும் இதே அளத்தில்தான் கூலி வேலை பார்த்தோம். பிறகு சேர்ந்தே நகரத்து விமான நிலையத்துக்குப் போனோம், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் ஹெல்ப்பர்களாக. ஊரில் "பிளைட்டுல வேலை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, தள்ளுவதும் துடைப்பதும்தான் என்று நானும் சொல்லவில்லை. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்கள் அவை. நான் வால் பக்கம், அவன் இறக்கைப் பக்கம் நின்று தள்ளினால் போதும், கன்றுக்குட்டி மாதிரி நகரும்.

அதே நிலையத்துக்கு வந்துபோகும் பெரிய ஜெட்டின் புகை மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். இப்போது யார் வீட்டிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ் இல்லாதது எனக்கு நல்லதாகப் போயிற்று. அந்த வாசனை வந்தால் ஜெட்டின் பின்பக்கம் எங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். சும்மா நிற்கிறவரை அது சாது. நகர ஆரம்பிக்கும்போது எஞ்சினைக் கூடுதலாக முறுக்குவார்கள். அப்போது பின்னால் பாயும் காற்று கண்ணுக்குத் தெரியாது, குட்டி விமானத்தைக் காகிதமாய்ப் புரட்டிவிடும். எங்கள் மெக்கானிக் தினமும் ஓதுவார்: "ஜெட்டு மேல செவப்பு லைட்டு சுத்துச்சின்னா பின்னாடி போவாதீங்கப்பா. காத்து மாட்டுச்சின்னா விமானம் போனா போவுது, கைய வுட்டுட்டு கீழ படுத்துக்கங்க." சவரிக்கு அது மனப்பாடம். மத்தியான சாப்பாட்டின்போது அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பான்.

அன்று காலை, பயிற்சிக்கு வந்த ஒரு பெண் உள்ளே உட்கார்ந்திருக்க, விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம். சற்றுத் தூரத்தில் ஒரு ஜெட் பக்கவாட்டில் நின்றது. நாங்கள் அதன் பின்னால் போகவேயில்லை. அது கிளம்பித் திரும்பியதில் அதன் வால்தான் எங்கள் பக்கம் வந்தது. முதலில் வாசனை, அப்புறம் சூடு. சவரி பக்கத்து இறக்கை எழும்பியது.

நான் படுத்துவிட்டேன். சவரி பாய்ந்து இறக்கையின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். அவனையும் சேர்த்துத் தூக்கி விமானத்தைக் கவிழ்த்தது அந்தக் காற்று. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய பெண் சிராய்ப்போடு பிழைத்தாள். சவரிக்கு முதுகெலும்பு போய்விட்டது.

அனுமந்தையில் கட்டிலோடு கிடந்தான். ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினான். "வுட்ருக்கணும்டா, தெரியும். கை கேக்கல." அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்ததும் அவன் அம்மா என்னைக் கல்லறை ஓரமாக அழைத்துப் போனார்.

"அன்னைக்கு நான் கரையிலதாம்பா இருந்தேன். காத்தே இல்ல. போட்டெல்லாம் அப்படியே நின்னுது. எம்புள்ளய எந்தக் காத்து தூக்குச்சி?"

தெரிந்தவரையில் சொன்னேன். ஜெட், எஞ்சின், திரும்பின வால்.

"அப்ப மனுசன் வுட்ட காத்தா?"

"ஆமாம்மா."

"கடல் காத்துன்னா மாதாகிட்ட சண்ட போடுவேன். இதுக்கு யாருகிட்ட போயி நிக்கிறது?"

அவரை மெதுவாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அந்தப் பள்ளி அங்கிருந்து எப்போதோ போய்விட்டது. குட்டி விமானங்கள் நின்ற இடத்தில் இப்போது பெரிய ஜெட்டுகள் நிற்கின்றன. சவரியின் வீட்டைக் கடல் தின்றுவிட்டது. மாதா கோயிலுக்கு நான் எப்போதாவது போகிறேன், மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன். அவன் அம்மாவும் இறந்த பிறகு, சவரிக்காகச் சண்டை போட ஊரில் ஒருவரும் இல்லை.