கரையில் கேட்கக் கூடாத கேள்வி

பிள்ளைகளே, இன்று கல்லைக் கொட்டி வைத்திருக்கிற ராயபுரம் கரையில் அன்று நல்ல மணல் இருந்தது. காலையில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது.

கல்மண்டபத்தில் எனக்கு அடுத்த அறைக்கு மனோதத்துவம் படிக்கிற ஒருவர் குடிவந்தார். என் வயதுதான். கடலுக்குப் போகிறவர்களின் பயத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தால்தான் அவருக்குப் பட்டம். நான் அந்தக் கரையில் பிறந்தவன் என்பதால் துணைக்குக் கூப்பிட்டார். அச்சடித்த கேள்வித்தாள் கட்டோடு விடியலில் போனோம்.

கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த ஒருவரிடம் முதல் கேள்வியை வாசித்தார்: எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள்? அந்த ஆள் துடுப்பை மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் மரம் கடலில் இறங்கவில்லை. கடலுக்குப் புறப்படுகிறவரிடம் அதைக் கேட்டால் அபசகுனம் என்று எனக்குத் தெரியும். தாளை முன்பே வாங்கிப் படிக்காதது என் தப்பு.

மீன்கூடையோடு நின்ற அவர் மனைவி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அவருதான் படிச்சவரு, தெரியாம கேட்டாரு. நீ இந்தக் கரையிலதான பொறந்தே? உனுக்கு இன்னா வந்துச்சு?"

இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். பட்டம் போயிற்று என்று அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தாள்கட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மன்னிப்புக் கேட்கப் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஆள் போதவில்லை. இவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கயிற்றைப் பிடித்தார். கயிறு பிடித்தவனை, வலை கரைக்கு வரும்வரை யாரும் போகச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் தினமும் போனார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். "சார் கை இட்லியாட்டம் கீது" என்று பெண்கள் சிரிப்பார்கள். கேள்வியே கேட்கமாட்டார். கண்டதையும் கேட்டதையும் அறைக்கு வந்து எழுதுவார்.

ஐப்பசியில் ஒரு நாள், காற்று ஏறிவிட்டது. உச்சி வெயில் சாய்ந்தும், முதல் நாள் துடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அந்த மனிதரின் மரம் மட்டும் திரும்பவில்லை. அவர் மனைவி மணலில் உட்கார்ந்திருந்தாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவளாகவே சொன்னாள்.

"ஆம்பளைங்க பயமில்லன்னுதான் சொல்லுவாங்க. அவரு வர்ற வரிக்கும் நான் தலையில சீப்பு வெக்கமாட்டேன் சார். இது அவருக்கே தெரியாது."

இவருடைய கை பென்சில் இருந்த சட்டைப்பைக்குப் போனது.

"எழுதிக்கட்டுமா, அம்மா?"

"அவரு கரையேறட்டும். அப்பால எழுதிக்கோ."

கை திரும்பி வந்து மடியில் கிடந்தது. வெகுநேரம் மூன்று பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் மரம் வந்து மணலில் தட்டியது. அவள் தலை வாரிக்கொள்ளக் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே எழுந்து நடந்தாள். அப்போதுதான் இவர் பென்சிலை எடுத்தார்.