சாமி மேடையில் இருந்த பென்டிரைவ்

போன வருடக் கடைசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் இது நடந்தது. இடம், பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சாலை தள்ளி இருக்கும், காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் டோபி கடை. இவ்வளவு வெட்கமும் இவ்வளவு நிம்மதியும் ஒரே காலையில் எனக்கு வந்தது அங்கேதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அதனால் வீட்டில் எது கெட்டாலும் கடைக்குக் கொடுக்க விட மாட்டேன். மின்விசிறி, மின்சாரச் சோற்றுப் பானை, பக்கத்து வீட்டு கேட் மோட்டார் என்று பலவற்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் பாதியைத் திரும்ப மாட்டியும் இருக்கிறேன்.

என் மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பகுதி நேரமாக டிப்ளோமா படிக்கத் தொடங்கினாள். பள்ளி, வீடு, சமையல் எல்லாம் முடித்துவிட்டு, கடைசி ஒரு வருடமாக ஒரு பெரிய ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களிடம் இருந்த பழைய மடிக்கணினியில்தான் எழுதினாள். அதைத் திறந்துவிட்டுப் போய்த் தேநீர் கலக்கிக் குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் அது கண் விழித்துக்கொண்டிருக்கும். விண்டோஸைத் தூக்கிவிட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டால் பறக்கும் என்று நான் மாதக்கணக்கில் நச்சரித்தேன். “ரிப்போர்ட் முடியிற வரைக்கும் அது மேல கை வைக்காதீங்க” என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் முடிந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் அச்சடித்து, பைண்டிங் செய்து கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். “காப்பி எடுத்து வச்சுட்டேன். இனி அத என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க” என்றாள். சொல்லி வைத்ததுபோல் அன்று இரவே மடிக்கணினி படுத்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றியதே தவிர உள்ளே போகவில்லை. நல்ல வேளை காப்பி இருக்கிறது என்று அவளும் கவலைப்படவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி.

சனிக்கிழமை காலையில் லூபோக் சீனா என்ற ஊரில் அவள் அக்காள் மகளுக்கு வளைகாப்பு. காடியில், அதாவது காரில், இடம் போதாது, துணி வேறு காயவில்லை என்று சாக்குச் சொல்லி நான் வீட்டில் தங்கிவிட்டேன். அவளும் மகளும் கிளம்பியதுதான் தாமதம், பென்டிரைவ் தேட ஆரம்பித்தேன். லினக்ஸைச் சும்மா போட முடியாது. இணையத்திலிருந்து இறக்கி, ஒரு பென்டிரைவில் அதற்கென்று இருக்கும் மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அப்போதுதான் கணினி அந்தப் பென்டிரைவிலிருந்தே எழுந்திருக்கும்.

மேசை டிராயரில் இருந்தவை எல்லாம் அளவு பத்தாதவை. கடைசியில் சாமி மேடையில், முருகன் படத்துக்கு முன்னால் ஒரு கறுப்புப் பென்டிரைவ் இருந்தது. மேலே விபூதி படிந்திருந்தது. சாமி மேடையில் பக்திப் பாட்டுப் பாடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று எங்களிடம் உண்டு. நான் பழுது பார்த்த நாளிலிருந்து அது பாடுவதில்லை. அதிலிருந்து எடுத்து வைத்த பாட்டுப் பென்டிரைவ்தான் இது என்று நினைத்தேன். பாட்டுதானே, மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். விபூதியைச் சட்டையில் துடைத்து மகளின் கணினியில் செருகினேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் திறந்து பார்க்காமல் சம்மதம் என்று அமுக்கினேன்.

பென்டிரைவ் தயாரானதும் ஈரத்துணியையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு டோபி கடைக்குப் போனேன். அங்கே வைஃபை இலவசம், துணி காய்வதற்குள் லினக்ஸும் ஏறிவிடும் என்று கணக்கு. துணி மடிப்பதற்கு இருக்கும் ஒரே நீள மேசையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தேன். பென்டிரைவிலிருந்து கணினி ஜோராக எழுந்தது. முதலில் வந்த திரையில், நிறுவாமல் சும்மா பார்ப்பதா, நிறுவுவதா என்று இரண்டு வழி இருந்தது. சும்மா பார்ப்பதற்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? நிறுவு என்று போனேன்.

அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு தமிழ்ப்பெண் இரண்டு பெரிய பை நிறைய வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, கொஞ்சம் மேசையில இடம் தாங்களேன். பெட்ஷீட் மடிக்கணும்.”

“பத்து நிமிஷம்மா. முக்கியமான வேலை” என்றேன்.

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். நான் நகரவில்லை. நகராதது போதாது என்று, லினக்ஸ் என்றால் என்ன, அதற்கு ஏன் காசு இல்லை என்று அவளுக்கு வகுப்பே எடுத்தேன். உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன் என்று வேறு சொன்னேன். அவள் நின்றபடியே, விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கி மடித்துக்கொண்டே, “ஓ, அப்படிங்களா அண்ணே” என்று கேட்டுக்கொண்டாள்.

மொழி, நேரம், பெயர் எல்லாம் கொடுத்தாயிற்று. வன்தட்டில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பொத்தான் மட்டும்தான் பாக்கி. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. மனைவி.

“ஏங்க, சாயங்காலம் விளக்கு ஏத்தும்போது முருகன் படத்துக்கு முன்னால பென்டிரைவ் இருக்கும், அத நகர்த்தி வச்சுட்டு ஏத்துங்க. சூடு பட்டுடப் போகுது. என் ரிப்போர்ட் அதுலதான் இருக்கு. சாமிகிட்ட வச்சு எடுத்துட்டுப் போலாம்னு வச்சேன்.”

“சரி சரி” என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? காப்பியை நானே காலையில் அழித்துவிட்டேன். மூலம் இருக்கும் மடிக்கணினியோ விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை. அவளுடைய ஒரு வருட உழைப்பு என் கையால் போய்விட்டது என்றே நினைத்தேன். 

“என்னண்ணே, முகம் வெளுத்துப் போச்சு? வீட்ல யாருக்கும் ஏதுமா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

உளறிக் கொட்டினேன். பாதி கேட்கும்போதே அவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். குரலே மாறிவிட்டது.

“முதல்ல மௌஸ்லேர்ந்து கைய எடுங்க. ஒண்ணும் அமுக்காதீங்க. கடைசி பட்டன அமுக்கிட்டீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப ஒண்ணும் போகல. ரிப்போர்ட் உள்ளேயேதான் இருக்கு. முன்கதவு திறக்கலன்னா வீட்டுக்குள்ள இருக்கிற சாமான் எங்கண்ணே போகும்? நாம பின்கதவால போவோம் லா.”

கணினியை நிறுத்தி மறுபடியும் அதே பென்டிரைவிலிருந்து எழுப்பினாள். நான் கேலியாக ஒதுக்கிய ‘சும்மா பார்க்கும்’ வழியைத் தேர்ந்தெடுத்தாள். வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் முழுதாகத் திறந்தது. ஓரத்தில் எங்கள் வன்தட்டின் படம் இருந்தது. அதைத் திறந்ததும் ஒரு எச்சரிக்கை வந்தது. இதில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்றது. “அப்ப அவ்வளவுதானாம்மா?” என்றேன்.

“படிக்க முடிஞ்சா போதும்ணே. நாம என்ன எழுதவா போறோம்?” என்றாள். என் மனைவியின் கோப்புகள் வரிசையாக வந்தன. நூற்றுக்கணக்கில் இருந்தன.

“ரிப்போர்ட் என்ன பேர்ல இருக்கும்?”

“தெரியலம்மா.”

“சரி, எதப் பத்தின ரிப்போர்ட்?”

“பிள்ளைங்களப் பத்தி… ஏதோ” என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தேதியை வைத்துத் தேடினாள். ஒன்றைத் திறந்தாள். தொண்ணூறு பக்கத்துக்கு மேல், மலாய் மொழியில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நன்றியுரை. அவள் அதை வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னாள்: கணினி வேலைகளை எல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கு நன்றி. படித்து முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

மழையில் ஓடிப்போய்த் தன் காடியில் பாட்டுக் கேட்க வைத்திருந்த பென்டிரைவை எடுத்து வந்தாள். ரிப்போர்ட்டையும் அதோடு இருந்த படங்களையும் அதில் ஏற்றி, திறந்து சரிபார்த்து, என் கையில் கொடுத்தாள். “வச்சுக்குங்க. பாட்டையும் சேத்து வச்சுக்குங்க” என்றாள்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அப்போதுதான் கேட்டேன். எட்டு வருடம் கணினிச் சேவை நிறுவனம் ஒன்றில், தொலைபேசியில் வழி சொல்லும் வேலை பார்த்தாளாம். குழந்தை பிறந்ததும் அதை விட்டுவிட்டு, இப்போது புக்கிட் பெருவாங்கில் இரண்டு வீட்டை எடுத்துச் சுற்றுப்பயணிகளுக்கு ஹோம்ஸ்டே நடத்துகிறாளாம். “லைன்ல வர்றவங்க எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான்ணே சொல்லுவாங்க. நான் எதையும் அமுக்கல, தானா ஆயிடுச்சுன்னு” என்றாள். அவளுக்கா நான் லினக்ஸ் பாடம் எடுத்தேன்! மன்னிப்புக் கேட்டேன்.

“அட விடுங்கண்ணே. இப்ப அந்த ரெண்டு முனையப் பிடிங்க” என்றாள். நின்று எல்லா விரிப்புகளையும் அவளோடு சேர்ந்து மடித்துக் கொடுத்தேன். அவள் காடி கிளம்பிப் போன பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படித்தேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் மணலில் விளையாடும்போது என்ன பேசுகிறார்கள் என்பதைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரு பையன் மூன்று மாதம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மணலில் வீடு கட்டி, இது டீச்சருக்கு என்று சொன்னானாம். அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பவும் படித்தேன். இவள் இதை என்னிடம் சொல்லியிருப்பாளே என்று யோசித்தேன். சொல்லித்தான் இருப்பாள். நான் ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உம் கொட்டியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். முதலில் முகம் கறுத்தது. “சாமிகிட்ட வச்சத ஒரு வார்த்த கேக்காம எடுப்பீங்களா?” என்றாள். கோபம் நியாயம்தான். பென்டிரைவை வாங்கி மகளின் கணினியில் போட்டு, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “படிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“படிச்சேன். அந்த மணல் வீட்டுப் பையன் இப்ப பேசுறானா?” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பையனின் கதையைச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் திங்கட்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு, அவள் அனுமதியோடு, லினக்ஸும் ஏறியது.

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், என் மனைவி எழுதுவது எதைப் பற்றி என்று முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டபோது எனக்குப் பதில் தெரியாமல் போனதே, அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அது போகாமல் இருப்பதால்தான் இப்போது அவள் பேச ஆரம்பித்ததும் என் கை தானாகவே ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுகிறது.